பத்து விரலிலும் ஒரே கோடு

குளியல் தொட்டியின் தண்ணீர் இறங்கும் துளைக்குள் இருந்து பத்மநாதன் கோட் ஹாங்கர் கம்பியால் இழுத்தெடுத்த முடியின் நீளத்தைச் சொன்னால் நம்பமாட்டீர்கள். அதனால் குறைத்தே சொல்கிறேன். ஒரு முனை ஸ்காபரோவில் அவர் கையில் இருந்தது. மறுமுனையைப் பக்கத்து ஊரான பிக்கரிங்கில் யாரோ பிடித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"இஞ்சருமப்பா! உள்ளுக்கை என்ன ஆட்டுக்கிடாயோ கிடக்கு?"

"யோகத்தின்ர தலைமயிர்" என்றாள் மங்கையற்கரசி, கண்ணைத் திறக்காமலே. "தண்ணி ஒத்துக்கொள்ளேல்லை."

அந்த 1986ஆம் ஆண்டில் ரொறன்ரோவில் நம்மவர்கள் எல்லா வருத்தத்துக்கும் தண்ணீரைத்தான் குற்றம் சொன்னார்கள். முடி கொட்டினால் தண்ணீர். பல் கூசினால் தண்ணீர். ஊரிலிருந்து கடிதம் வராவிட்டாலும் இந்தத் தண்ணீரால்தான் என்று சாதிக்கக்கூடிய ஒருவரை எனக்குத் தெரியும்.

நீங்கள் வாராவாரம் என் கதைகள் வழியாக இந்த வீட்டுக்கு வந்து போகிறவர்கள். உங்களுக்கு எல்லாம் தெரியும். புதிதாக வருகிறவர்கள் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே வாருங்கள், சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பத்மநாதன் பகலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவுகிறார். இரவில் ஒரு கார் தரிப்பிடத்துக்குக் காவல் இருக்கிறார். அவர் மனைவி மங்கையற்கரசியும் இரவில், அங்கே வேலை செய்கிறவர்கள் வீட்டுக்குப் போன பிறகு, கந்தோர்களைக் கூட்டித் துடைக்கிறாள். பகலில் டான்போர்த் வீதியில், டோனட் கடைக்கு மேல்மாடியில் இருக்கும் அழகுக்கலைப் பள்ளிக்கூடத்தில் படிக்கிறாள். யோகமலர் பத்மநாதனின் தங்கை. ஆவணி மாதம் வந்து சேர்ந்தவள்; இப்போது ஐப்பசி. இவர்களோடு நான்காவதாக அந்த வீட்டில் களைப்பு குடியிருந்தது. அதற்கென்று தனிக் கட்டில் கிடையாது. யாருடைய கட்டில் காலியாகிறதோ அதில் படுத்துக்கொள்ளும்.

யோகமலரைக் கூட்டிவந்தவர் பிக்கரிங் இரத்தினவேல். காசு வாங்கிக்கொண்டு கள்ள வழியால் ஊரிலிருந்து ஆள் எடுப்பதே அவர் வேலை. அதே வழியால் இப்போது மங்கையின் சொந்தத் தங்கை அருள்மலரையும் எடுப்பதாக ஏற்பாடு. அருள்மலர் கொழும்பில் ஒரு லொட்ஜில், பெட்டியை அவிழ்க்காமல் காத்திருக்கிறாள். இன்று வெள்ளிக்கிழமை மாலை இரத்தினவேல் தொலைபேசியில் கூப்பிடுவார். "ஓம்" என்ற ஒரு சொல்தான் பாக்கி. அதை மங்கைதான் சொல்ல வேண்டும்.

இதே வெள்ளிக்கிழமை காலையில் மங்கைக்குச் சோதனை. தோல், முடி, நகம்.

முன்னர் ஒருமுறை இந்தச் சோதனையை அவள் கோட்டைவிட்டிருந்தாள். பயிற்சிக்கு வைத்திருந்த பிளாஸ்டிக் தலைமேல் தன் தலையைச் சாய்த்துக் கண்ணயர்ந்துவிட்டாள். இரண்டில் எது உயிருள்ள தலை என்று கண்டுபிடிக்க ஆசிரியைக்குச் சற்று நேரம் பிடித்ததாம். இந்த முறை உயிருள்ள ஆளையே கூட்டிவரச் சொல்லியிருந்தார்கள்.

"யோகம், வெளிக்கிட்டிட்டியோ?"

"ஓம் மச்சாள். வந்திட்டன்."

அறைக்குள் இருந்து யோகமலர் வெளியே வந்தாள். மங்கைக்குத் தூக்கம் முழுவதுமாகக் கலைந்தது.

வெள்ளிக்கிழமை அல்லவா? பெண்கள் எண்ணெய் வைத்து முழுகுகிற நாள் அல்லவா? யோகமலர் பாதிதான் செய்திருந்தாள். எண்ணெய் வைத்திருந்தாள். முழுகவில்லை. அவள் தலையில் இருந்த எண்ணெயை இறக்கி அடுப்பில் வைத்திருந்தால் ஸ்காபரோவில் உள்ள அத்தனை கலியாண வீட்டுக்கும் வடை சுட்டிருக்கலாம்.

"எடி, சோதினைக்குப் போற தலையடி! உதென்ன வேலை?"

"அண்ணைதான் தேச்சுவிட்டவர். கொட்டுற மயிர் நிக்குமாம்."

பத்மநாதன் கம்பியோடு குளியலறைக்குள் மீண்டும் புகுந்து கதவைச் சாத்திக்கொண்டார்.

முழுக நேரமில்லை. தலையில் ஒரு சால்வையைச் சுற்றிக்கொண்டு பஸ்ஸைப் பிடித்தார்கள்.

பஸ்ஸில் மங்கை கண்ணை மூடிக்கொண்டு தோலைப் பாடமாக்கினாள். அதற்கு அவளிடம் ஒரு குறுக்குவழி இருந்தது. மேல்தோல் என்பது தாங்கள் குடியிருக்கும் மாடிக்கட்டடம் என்று வைத்துக்கொள்வாள். நிலத்தடித் தளமான பேஸ்மென்றில் சலவை மெஷின்கள் இரவு பகலாகச் சுழல்கிற மாதிரி, தோலின் அடித்தட்டில்தான் புதுக் கலங்கள் பிறந்துகொண்டே இருக்கும். பிறந்தவை லிஃப்ற்றில் ஏறி மாடி மாடியாக மேலே போகும். போகப் போகத் தட்டையாகும், காயும். உச்சி மாடிக்கு வந்து சேரும்போது உயிர் இராது. அங்கிருந்து சுண்ணாம்பு உரிகிற மாதிரி உதிர்ந்து விழவேண்டியதுதான். கட்டடத்தின் கீழே நிலம், அதாவது உள்தோல். இரத்தக் குழாய், நரம்பு, வியர்வைச் சுரப்பி, முடியின் வேர் எல்லாம் அந்த நிலத்துக்குள்.

"முடியும் செத்ததுதான், நகமும் செத்ததுதான்" என்று முணுமுணுத்தாள். "வேர்தான் உயிர்."

"என்ன மச்சாள்?"

"ஒண்டுமில்லை. உன்ரை ஹோட்டலிலையும் லிஃப்ற் இருந்ததெண்டு சொன்னனியெல்லே?"

வரும் வழியில், ஐரோப்பாவில் ஏதோ ஒரு நகரத்தில், இரத்தினவேலின் ஆட்கள் தன்னை ஹோட்டலில் வைத்து ராசாத்தி மாதிரிப் பார்த்தார்கள் என்று யோகமலர் வந்த அன்றே சொல்லியிருந்தாள். பத்மநாதன் அதைத் தெரிந்தவர்களுக்கெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டுக் களைத்தார்.

யோகமலர் யன்னலுக்கு வெளியே பார்த்தாள்.

"ஓம். இருந்தது."

அழகுக்கலை ஆசிரியை மிஸ் கிளடிஸ் பார்படோசில் பிறந்தவர். அவர் கையில் சீப்பைக் கொடுத்தால் கடலையே வகிடெடுத்துவிடுவார். யோகமலரின் சால்வையை அவிழ்த்ததும் அவர் குனிந்து எண்ணெயை முகர்ந்தார். பிறகு விரலை வைத்தார். விரல் நெற்றிவரை வழுக்கிக்கொண்டு வந்து சேர்ந்தது.

"மங்கை, இந்தத் தலையை நீ பொரித்துக்கொண்டு வந்திருக்கிறாய்."

வகுப்பு சிரித்தது. மங்கையும் சிரிக்க முயன்றாள். தூக்கமில்லாத முகத்தில் சிரிப்பு பாதியிலேயே இறங்கிவிட்டது.

ஒரு முறை ஷாம்பூ போட்டாள். இன்னொரு முறை போட்டாள். அப்போதும் எண்ணெய் "நான் போகமாட்டேன்" என்றது. மேலும் ஒருமுறை போட்ட பிறகுதான் யோகமலரின் தலை வெளிச்சத்துக்கு வந்தது.

கிளடிஸ் கேட்கக் கேட்க மங்கை சொல்லிக்கொண்டு போனாள். முடி முளைக்கும் குழி. குழியின் அடியில் குமிழ். குமிழுக்கு இரத்தம் கொண்டுவரும் சின்ன மேடு. வெளியே தெரிகிற தண்டில் மேலே செதில் உறை, அதற்குள் முடிக்குப் பலமும் நிறமும் கொடுக்கிற பகுதி, நடுவில் மஜ்ஜை. கட்டடக் கதையும் கைகொடுத்தது. பேஸ்மென்றில் தொடங்கி உச்சி மாடிவரை ஒரு தட்டையும் விடவில்லை.

"நல்லது. இப்போது தலைத்தோலைப் பார். என்ன தெரிகிறது?"

மங்கை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தாள். முடி ஓரிடத்தில் மட்டும் போகவில்லை. தலை முழுவதும் ஐதாகி மெலிந்திருந்தது. ஆனால் நெற்றி ஓரத்தில் குட்டைக் குட்டையாகப் புதுமயிர், மழைக்குப் பிறகு வந்த புல் மாதிரி நிமிர்ந்து நின்றது.

"தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, மிஸ். அதனால் கொட்டியிருக்கிறது."

"தண்ணீரா?" கிளடிஸ் அவளைப் பார்த்தார். "இந்த நகரத்தில் எல்லோரும் இதே தண்ணீரில்தான் குளிக்கிறோம். வேரோடு இவ்வளவு முடி ஒரே காலத்தில் ஓய்வுக்குப் போயிருக்கிறது. அப்படிப் போனால் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான் கொட்டும். ஆகவே இன்றைக்கு நடந்ததைத் தேடாதே. முன்னர் நடந்ததைத் தேடு."

அவர் பதிந்துகொண்டு அடுத்த மேசைக்குப் போனார். "கைகளை ஆயத்தப்படுத்து. வருகிறேன்."

இங்கேதான் சங்கடம் தொடங்கியது.

யோகமலர் இரண்டு கைகளையும் மடிக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். அந்த நகங்களில் எப்போதும் சிவப்புக் கியூட்டெக்ஸ் பூச்சு. வந்த நாள் முதல் அவள் அதைப் பூசாமல் இருந்ததே இல்லை. பழையது உரியுமுன்னமே அதன்மேல் புதுப்பூச்சு ஏறும். பத்மநாதன் அதற்குக் "கொழும்பு மினுக்கு" என்று பெயர் வைத்திருந்தார்.

"கையைத் தா, யோகம்."

"இண்டைக்கு வெள்ளிக்கிழமை மச்சாள். நகம் வெட்டக்கூடாது."

"எனக்கு உது தெரியாதே? வெட்டேல்லை. அரத்தாலை அராவுறதுதான். அதுக்கொண்டும் லட்சுமி கோவிக்கமாட்டா."

"பூச்சு இருக்கட்டும்."

"பூச்சை எடுக்காமல் என்னெண்டு நகத்தைப் பாக்கிறது?"

"வேற ஆற்றையும் கையைப் பாருங்கோவன்."

நேற்றிரவு முழுவதும் கூட்டிய தரைகள் மங்கையின் முதுகில் ஏறி உட்கார்ந்திருந்தன. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. அவள் முழங்காலில் குந்தி, மிகத் தாழ்ந்த குரலில் சொன்னாள்:

"எனக்கு ஏலாது, யோகம். திரும்பவும் உதைப் படிக்க என்னாலை ஏலாது. கையைத் தாம்மா."

யோகமலர், தண்ணீருக்குள் விடுகிற மாதிரி மெதுவாகக் கைகளை மேசையில் வைத்தாள்.

பஞ்சில் திரவத்தைத் தோய்த்து மங்கை துடைத்தாள். சிவப்பு கரைந்தது. பெருவிரல் நகத்தின் நடுவில், குறுக்கே, ஒரு பள்ளம். யாரோ நூலை வைத்து அழுத்திய மாதிரி.

கதவில் நசித்திருப்பாள் என்று நினைத்தாள். அடுத்த விரலைத் துடைத்தாள். அதிலும் நடுவில் அதே பள்ளம். அதற்கடுத்ததிலும். வலக்கை முடிந்து இடக்கைக்குப் போனாள். சின்னிவிரல்வரை ஒன்றும் தப்பவில்லை.

கிளடிஸ் வந்து நின்றார். மங்கை எழுந்து சொல்லத் தொடங்கினாள். அவளுக்கே தன் குரல் வேறு யாருடையதோ மாதிரிக் கேட்டது.

"இது நகத்தட்டு. இதற்குக் கீழே நகப்படுக்கை. இது புறத்தோல் மடிப்பு. இந்த வெள்ளைப் பிறை, உள்ளே இருக்கிற வேரின் முன்பக்கம். அந்த வேர்தான் நகத்தைச் செய்கிறது. மற்றதெல்லாம் செய்து முடித்தது."

"இந்தக் கோடு?"

மங்கைக்கு விடை தெரியும். முந்தாநாள்தான் படித்தது. ஆனால் விடையைச் சொல்வதற்கும் அது வாயில் வந்து நிற்பதற்கும் நடுவில் யோகமலரின் முகம் இருந்தது. ஆங்கிலம் அவளுக்குப் பேச வராது. விளங்கும்.

"வேர் கொஞ்சக் காலம் வேலை செய்யாமல் நின்றிருக்கிறது. ஒரு நகத்தில் என்றால் அடிபட்டிருக்கலாம். எல்லா விரலிலும் ஒரே இடத்தில் என்றால் உடம்பு முழுவதற்கும் ஏதோ நடந்திருக்கிறது. கடும் காய்ச்சல். அல்லது பட்டினி. அல்லது பெரிய அதிர்ச்சி."

"எப்போது?"

"நகம் மெதுவாக வளரும். கோடு நடுவில் நிற்கிறது. ஏறக்குறைய மூன்று மாதம்."

"தொற்றும் நோயா? இந்த நகத்தில் வேலை செய்யலாமா?"

"தொற்றாது. செய்யலாம். மென்மையாகச் செய்யவேண்டும்."

"பாஸ்" என்றார் கிளடிஸ். பிறகு யோகமலரின் தோளில் ஒரு கணம் கையை வைத்துவிட்டுப் போனார்.

மூன்று மாதம். அதாவது ஆடி. அதாவது ஹோட்டல். அதாவது லிஃப்ற்.

திரும்பி வரும் பஸ்ஸில் இருவரும் பின்பக்கம் இருந்தார்கள். யோகமலர்தான் தொடங்கினாள்.

"லிஃப்ற் இல்லை மச்சாள். பேஸ்மென்ற். வெளியாலை பூட்டு. யன்னல் இல்லை. நாங்கள் கொஞ்சப்பேர். எனக்கு வந்த காய்ச்சல்லை சுவர் நடக்கிற மாதிரிக் கிடந்தது. டொக்டரெண்டு கத்தினம். ஒருத்தரும் வரேல்லை."

"சாப்பாடு?"

"எப்பவாவது பாண். கனகாம்பிகை எண்டு மட்டக்களப்புப் பிள்ளை ஒண்டு, பாணைத் தண்ணியிலை நனைச்சு என்ரை வாய்க்குள்ளை வைக்கும். 'அக்கா, முழுங்கு, முழுங்கு' எண்டு. அது இல்லாட்டி நான் இல்லை." அவள் கையை விரித்துப் பார்த்தாள். "ஒரு நாள் அந்தப் பிள்ளையை மட்டும் மேலை வரச்சொல்லிக் கூட்டிக்கொண்டு போனாங்கள். திரும்பி வரேல்லை. வேற பிளேனிலை போயிட்டுது எண்டாங்கள்."

"இரத்தினவேல் அண்ணையைக் கேட்டனியோ?"

"எயாப்போட்டிலை கேட்டனான். மொன்றியலிலை நிக்குது எண்டார். எங்கையெண்டு கேட்டா, சிரிக்கிறார். வந்து சேந்திட்டாய்தானே, பிறகென்ன கதை எண்டு."

பஸ் ஒவ்வொரு தரிப்பிலும் நின்றது. நின்ற ஒவ்வொரு முறையும் கிழவி எழும்புகிற மாதிரி முனகியது.

"ஏன் எங்களுக்குச் சொல்லேல்லை?"

"அண்ணை ரெண்டு வேலை செய்து என்னை எடுத்தவர். அவருக்கு என்னத்தைச் சொல்ல? அதோடை…" யோகமலர் நிறுத்தினாள். "உங்கட தங்கச்சி அங்கை காத்திருக்கிறா. நான் வந்து சேந்திட்டு மற்றவையின்ர பாதையை மறிக்கிறன் எண்டு நீங்கள் நினைச்சிடுவியள்."

அப்படி நினைத்திருக்கமாட்டேன் என்று சொல்ல மங்கை வாயைத் திறந்தாள். ஆனால் நேற்றுச் சொல்லியிருந்தால் நினைத்திருப்பாள். இப்போதுகூட, அந்தப் பூச்சைத் துடைக்காமல் விட்டிருக்கலாமே என்று மனதின் ஒரு மூலை புறுபுறுத்தது. அருள்மலர் லொட்ஜில் இருக்கிறாள். தமிழரைப் பிடிக்கப் பொலிஸ் சுற்றிவளைப்பு வந்தால் கட்டிலுக்குக் கீழே ஒளிப்பதாகக் கடிதம் எழுதியிருந்தாள். எடுக்காவிட்டால் தங்கை கட்டிலுக்குக் கீழே, எடுத்தால் தங்கை பேஸ்மென்றுக்குள். இதில் எதைத் தெரிவு செய்வது?

"அண்ணைக்குச் சொல்லாதேங்கோ" என்றாள் யோகமலர். "முடிவை நீங்கள் எடுங்கோ. எனக்குக் களைச்சுப்போச்சு."

மங்கை அவள் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டாள். ஷாம்பூவையும் தாண்டி எண்ணெய் இன்னும் கொஞ்சம் மணத்தது.

மாலையில் பத்மநாதன் உணவகத்தில் மிஞ்சிய கேக்கோடு வந்தார். மனைவி பாஸ் என்றதும், ஏதோ தானே ஐந்து வருடம் மருத்துவம் படித்து முடித்த மாதிரி நெஞ்சை நிமிர்த்தினார்.

"பாத்தீரே, எண்ணெய் வேலை செய்திருக்கு!"

ஒருவரும் சிரிக்கவில்லை. அவர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்ன செத்தவீட்டிலை இருக்கிற மாதிரி? எடி யோகம், உன்ரை மினுக்கு எங்கை? கை வெறுமையாக் கிடக்கு?"

"சோதினைக்கு எடுத்தது, அண்ணை."

"இஞ்சை கொண்டா பாப்பம்."

அவள் கைகளைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி அடித்தது.

பத்மநாதனின் முகம் மலர்ந்தது. "இரத்தினவேல்தான். ஆள் மணிக்கூடு மாதிரி. எடுமப்பா. ஓம் எண்டு ஒரு சொல்லுத்தானே."

மங்கை எழும்பவில்லை. தொலைபேசி அடித்தது. இன்னும் அடித்தது. அந்தச் சின்ன அபாட்மென்றின் கரண்டி, கோப்பை எல்லாம் அதற்குப் பதில் சொல்கிற மாதிரி நடுங்கின.

"என்னப்பா யோசினை? உம்மட தங்கச்சியெல்லே!"

"ஓம்" என்றாள் மங்கை. "என்ரை தங்கச்சிதான்."

அவள் பார்த்தது தொலைபேசியை அல்ல, யோகமலரை. சொல் என்று கேட்கவில்லை. சொல்லாதே என்றும் கேட்கவில்லை. வெறுமனே பார்த்தாள்.

யோகமலர் சட்டைப் பைக்குள் இருந்து கையை எடுத்தாள். மேசையைச் சுற்றி வந்து, அண்ணனின் கண்ணுக்கு நேரே, ரிசீவரைத் தூக்கினாள்.

"ஹலோ. இரத்தினவேல் அண்ணையோ? நான் யோகமலர்… ஓம், சுகம். மச்சாள் பக்கத்திலைதான் இருக்கிறா. அவ கதைக்க முதல் நான் ஒண்டு கேக்கவேணும்." அவள் மூச்சை உள்ளே இழுத்தாள். "கனகாம்பிகையை எங்கை விட்டனியள்?"

கேக்கைக் கடித்த பத்மநாதனின் வாய் அசையாமல் நின்றது. இரத்தினவேலின் குரல் என்றால் ரிசீவரைக் காதில் வைக்கத் தேவையில்லை. றிச்மண்ட் ஹில் கோயிலில் நிற்பவர்களுக்கும் கேட்கும். இப்போது அந்தக் குரலைக் காணோம்.

"ஆற்றை கனகாம்பிகை?" என்றார் பத்மநாதன். "என்னடி கதைக்கிறாய்?"

யோகமலர் மற்றக் கையை அவர் முன்னால் மேசையில் விரித்து வைத்தாள். அவர் குனிந்து பார்த்தார். முதலில் ஒரு விரலை. பிறகு அடுத்ததை. கோப்பை கழுவி ஊறி வெளுத்த தன் விரலால் அந்தப் பள்ளத்தைத் தொட்டார்.

"பிள்ளை, இதென்ன?"

மறுமுனையில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ரிசீவரை இறுக்கிய யோகமலரின் நகங்களுக்குக் கீழே சிவப்பு வடிந்து வெள்ளையாகிப்போனதை மங்கை கண்டாள். பிடியைத் தளர்த்தினால் இரத்தம் திரும்பி வரும் என்று அவள் படித்திருந்தாள்.

யோகமலர் பிடியைத் தளர்த்தவில்லை.

"நான் லைனிலைதான் நிக்கிறன்" என்றாள். "நீங்கள் சொல்லுங்கோ."